கேள்விக்கு முன்பே வந்த பதில்: அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவரைக் கல்வி ஆய்வாளராக்கிய முயற்சி – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

போதனா மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து இரண்டு மருத்துவர்கள் மருத்துவக் கல்வி ஆய்வில் பயிற்சி பெற வந்தார்கள். திட்டம் இரண்டு ஆண்டு. இருவருக்கும் வழிகாட்டி நான். ஒருவர் ஐந்தாவது மாதத்தில் விலகிக்கொண்டார், இன்னொருவர் கடைசிவரை இருந்தார். இந்தப் பதிவு பெரும்பாலும் கடைசிவரை இருந்தவரைப் பற்றியது. அவரை இங்கே 'மருத்துவர்' என்று மட்டும் குறிப்பிடுகிறேன். ஆட்கள் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையிலும் எடுத்த முடிவுகளிலும் கை வைக்கவில்லை.

மருத்துவர் படுக்கையருகே நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர். அவர் டியூட்டியில் இருக்கும் நாளைப் பயிற்சி மருத்துவர்கள் கேட்டு வாங்குவார்கள். "சொல்லிக்கொடுக்க வரும் சார். ஆனா நான் சொல்லிக்கொடுக்கிறது வேலை செய்யுதான்னு எனக்குத் தெரியாது" என்றுதான் முதல் நாள் ஆரம்பித்தார். ஆய்வுக்கு வருகிறவரிடம் இதைவிட நல்ல காரணத்தை நான் கேட்டதில்லை.

திட்டத்தின் வடிவம் என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 'மெர்க்' என்ற பெயரில் மருத்துவக் கல்வி ஆய்வுக்கு ஒரு சான்றிதழ்ப் பயிற்சி நடத்துகிறது. சான்றிதழ் பெற, தலா 3 மணி நேரம் கொண்ட 6 பயிலரங்குகளை முடிக்க வேண்டும். அந்த நாட்டின் அவசர மருத்துவப் பயிற்சி இயக்குநர்கள் கூட்டமைப்பு 2009 முதல் இதைத் தன் ஆண்டு மாநாட்டோடு இணைத்தது. கூடவே பங்கேற்பாளர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து, அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவரோடு உண்மையான ஆய்வு ஒன்றைச் செய்யும் ஏற்பாட்டையும் சேர்த்தது. நான் பயிலரங்குகளை எடுத்துக்கொண்டேன், குழுவை விட்டுவிட்டேன். ஆளுக்கொரு தனி ஆய்வு இருந்தால் பொறுப்பு தெளிவாக இருக்கும் என்று நினைத்தேன். இதற்குப் பின்னால் வருகிறேன்.

முதல் சந்திப்பு

அவர் கையில் அறுபது அட்டைகளோடு வந்தார். லேமினேட் செய்து, மூலையில் துளையிட்டு, கழுத்துப் பட்டையில் மாட்டத் தயாராக. ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் முறையை மேம்படுத்தும் அட்டை அது. நோயின் தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டியவை, நிலைமை மாறினால் என்ன செய்வது, கேட்டவர் திருப்பிச் சொல்வது என 'ஐ-பாஸ்' முறையின் ஐந்து படிகளும் அதில் இருந்தன.

தேர்வு மோசமில்லை. 2014இல் வெளியான ஐ-பாஸ் ஆய்வு 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் உள்நோயாளிப் பிரிவுகளில் நடந்தது. நோயாளிகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 10,740 நிகழ்வுகளைப் பார்த்து, மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும் தவிர்க்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்ததாகச் சொன்னது. ஆனால் அங்கே நடந்தது அட்டை கொடுத்தது மட்டுமில்லை. பயிலரங்கு, மூத்த மருத்துவர்களுக்குத் தனிப் பயிற்சி, நேரில் பார்த்துக் கருத்துச் சொல்வது, தொடர் பிரசாரம் எல்லாம் சேர்ந்த ஒரு மூட்டை அது. அவசர சிகிச்சைப் பிரிவு உள்நோயாளி வார்டும் இல்லை. வார்டில் ஒப்படைக்கப்படும் நோயாளிக்கு என்ன நோய் என்பது பெரும்பாலும் தெரிந்திருக்கும். இங்கே பாதிப் பேர் லேப் முடிவுக்காகக் காத்திருப்பார்கள்.

அவருடைய ஆய்வுத் திட்டம் ஒரு பக்கம். அட்டைக்கு முன் ஒரு கேள்வித்தாள், அட்டைக்குப் பின் அதே கேள்வித்தாள். "ஒப்படைப்பதில் உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை?" என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண்.

தன்னம்பிக்கை ஏறினால் திறமை ஏறியதாகாது. 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மருத்துவர்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டதையும் வெளியிலிருந்து மதிப்பிட்டதையும் 20 இடங்களில் ஒப்பிட்டது. 13 இடங்களில் இரண்டுக்கும் தொடர்பு மிகக் குறைவு, அல்லது இல்லை, அல்லது தலைகீழ். இதைச் சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டார். "அப்போ தேர்வு வைக்கலாம்" என்றார். ஐந்து நிமிடத்தில் புது அளவீடு தயார்.

அங்கே ஒன்றைக் கவனித்தேன், ஆனால் அதன் கனம் எனக்கு உறைக்கவில்லை. பாதித் தகவலை வைத்துக்கொண்டு முடிவெடுத்து, உடனே செயலில் இறங்கி, தவறினால் திருத்திக்கொள்வதுதான் அவருடைய தொழில். நெஞ்சுவலியோடு வருபவரை நிற்க வைத்து முழுக் கதையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அந்தப் பழக்கம் ஆய்வு மேசைக்கும் அவரோடு வந்திருந்தது. பிரச்சினையைத் தொட்டவுடன் சிகிச்சை எழுதிவிடுகிறார். நோய் என்னவென்று இன்னும் யாரும் பார்க்கவில்லை.

முதல் நான்கு மாதங்கள்: என் இரண்டு தவறுகள்

முதல் தவறு, இருவரையும் புள்ளியியல் வகுப்பில் சேர்த்தது. ஆய்வென்றால் அதிலிருந்துதானே தொடங்குவார்கள் என்று யோசிக்காமல் செய்த வேலை. இருவரும் சமர்த்தாகப் படித்தார்கள். மாதிரி அளவு கணக்கிடக் கற்றுக்கொண்டார்கள். எதை அளப்பதற்கான மாதிரி என்பதுதான் இருவரிடமும் இல்லை.

இரண்டாவது, நேரம். வாரத்தில் ஒரு நாள் ஆய்வுக்கென்று ஒதுக்கப்பட்டதாகத் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அதை நம்பி இருந்துவிட்டேன். நான்காவது மாத முடிவில் மருத்துவர் தன் குறிப்பேட்டைக் காட்டினார். 16 வாரத்தில் கிடைக்க வேண்டிய 16 நாட்களில் உண்மையில் கிடைத்தது 7. அந்த ஏழிலும் 4 நாட்கள் நைட் டியூட்டி முடிந்த மறுநாள். இரவு முழுக்க விழித்தவர் காலை பத்து மணிக்குக் கட்டுரை படிக்கிறார் என்றால் அது படிப்பு இல்லை, கண்ணைத் திறந்து வைத்திருப்பது.

மற்ற ஒன்பது நாட்களைப் பறித்தது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. யாருக்காவது காய்ச்சல், யாருக்காவது திருமணம், திடீரென்று ஒரு விபத்துக் கூட்டம். ரோஸ்டர் போடுபவரின் கண்ணில் ஆய்வு நாள் என்பது காலியான நாள்.

விலகல்

ஐந்தாவது மாதம் இன்னொரு மருத்துவர் வந்து, தொடர முடியாது என்றார். வீட்டில் கைக்குழந்தை, சக மருத்துவர்கள் இருவர் விடுப்பில். என்னிடம் அவர் சொன்ன ஒரு வரி இன்னும் நினைவிருக்கிறது: "வார்டுல இருந்தா நோயாளிக்குத் துரோகம் பண்ணலைன்னு இருக்கும், இங்க வந்தா கூட வேலை செய்யறவங்களுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்கு." இதை ஆர்வக் குறைவு என்று என் அறிக்கையில் எழுதினேன். அது தவறான பதிவு. அவருக்கு ஆர்வம் இருந்தது. தனியாக இருந்தார்.

எடுத்த முடிவுகள்

விலகலுக்குப் பிறகு மூன்று முடிவுகள் எடுத்தோம்.

ஒரு முழு நாளை இரண்டு அரை நாட்களாக்கினோம். இரண்டும் நைட்டுக்கு மறுநாள் வரக்கூடாது. ரோஸ்டர் போடுபவரையே அழைத்து உட்கார வைத்து, மற்ற பெயர்கள் ஏறும் முன்பே இந்த அரை நாட்களை எழுத வைத்தோம். அந்த நேரத்தில் மருத்துவரின் டியூட்டி போனை வைத்திருக்க வேண்டியவர் யார் என்று ஒவ்வொரு முறையும் பெயர் எழுதினோம். கையெழுத்தால் ஆகாதது இதனால் ஆனது. அதற்குப் பின் பறிபோன அரை நாட்கள் மிகக் குறைவு.

புள்ளியியல் வகுப்பை நிறுத்தினோம். அட்டைகளை என் மேசை இழுப்பறையில் வைத்தோம்.

மூன்றாவதுதான் மருத்துவருக்குக் கசந்தது. ஆறு வாரத்துக்கு எதையும் மாற்றக்கூடாது, எதையும் கற்பிக்கக்கூடாது; ஷிஃப்ட் மாறும் இடத்தில் நின்று பார்த்து எழுத வேண்டும். தன் டியூட்டி இல்லாத நாட்களில் மட்டும். ஏன் இப்படி என்று கேட்டார். மருத்துவக் கல்வி ஆய்வாளர்களான டேவிட் குக், போர்டாஜ், ஷ்மிட் மூவரும் 2008இல் எழுதிய கட்டுரையைக் கொடுத்தேன். மருத்துவக் கல்விச் சோதனை ஆய்வுகள் 105ஐ அவர்கள் வகை பிரித்திருந்தார்கள். 'இது பலன் தருகிறதா' என்று மட்டும் கேட்டவை 75. 'ஏன், எப்படிப் பலன் தருகிறது' என்று கேட்டவை 13. "இந்த அட்டை ஆய்வு எழுபத்தாறாவதாகச் சேரும்" என்றேன். சிரித்தார், ஆனால் சம்மதித்தார்.

ஷிஃப்ட் மாறும் இடத்தில்

முதல் வாரக் குறிப்புகளில் தீர்ப்புகள்தான் இருந்தன. "சரியாக ஒப்படைக்கவில்லை." "கவனமில்லை." இவை பார்த்தவை இல்லை, முடிவுகள் என்று திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது வாரத்திலிருந்து குறிப்புகள் மாறின. யார் எங்கே நின்றார்கள், யார் யாரைப் பார்த்துப் பேசினார்கள், எந்த இடத்தில் கைபேசி அடித்தது, எந்த நோயாளிக்கு எத்தனை விநாடி என்று எழுதத் தொடங்கினார்.

மூன்றாவது வாரம் ஒரு காலை. இரவு டியூட்டி பார்த்த பயிற்சி மருத்துவர் ஒன்பதாவது நோயாளியைப் பற்றிச் சொல்கிறார்: "பொட்டாசியம் ஆறு புள்ளி ரெண்டு. சாம்பிள் கெட்டிருக்கலாம். ரிப்பீட் அனுப்பியாச்சு." ரத்தத்தில் பொட்டாசியம் அந்த அளவு உண்மையிலேயே உயர்ந்திருந்தால் இதயத் துடிப்புக்கே ஆபத்து. கேட்டுக்கொண்டவர் தலையாட்டினார். கையிலிருந்த காகிதத்தில் 'ரிப்பீட்' என்று எழுதினார். அடுத்த நோயாளிக்குப் போனார்கள். ரிப்பீட் முடிவை யார் பார்ப்பது, அதுவும் உயர்ந்திருந்தால் என்ன செய்வது, இசிஜி எடுத்ததா என்று கேட்கவில்லை, சொல்லவுமில்லை.

மருத்துவர் ஓரமாக நின்று இதை எழுதினார். ஒரு மணி நேரம் கழித்தும் அந்தப் படுக்கையருகே யாரும் போகவில்லை. குறிப்பேட்டை மூடிவிட்டு கணினியில் பார்த்தார். ரிப்பீட் முடிவு வந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது: 6.4. பகல் டியூட்டி மருத்துவரிடம் சொன்னார். உடனே இசிஜி எடுத்தார்கள், சிகிச்சை தொடங்கியது. நோயாளிக்குப் பாதிப்பு எதுவும் ஏற்படவில்லை.

அன்று மாலை என் அறைக்கு வந்தபோது குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் குற்ற உணர்வு. குறுக்கிட்டுத் தரவைக் கெடுத்துவிட்டேனே என்று ஒன்று. ஒரு மணி நேரம் சும்மா நின்றேனே என்று இன்னொன்று. முதலாவதற்குப் பதில் எளிது: நோயாளிக்கு ஆபத்து என்றால் ஆய்வு அங்கேயே நின்றுவிடும், அதில் பேச்சே இல்லை. இரண்டாவதற்குப் பொறுப்பு என்னுடையது. பார்வையாளராக நிற்கும் மருத்துவர் எந்தக் கட்டத்தில் மருத்துவராகத் திரும்ப வேண்டும் என்று நாங்கள் எதையுமே எழுதி வைக்கவில்லை. சமூகவியலாளர் ஒருவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் 6.2 என்ற எண் அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்காது. இவருக்குச் சொல்லும்.

அன்றே விதி எழுதினோம். கவலை தரும் எதையும் பார்த்தால், ஒப்படைப்பு முடிந்தவுடனே பொறுப்பு மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னதையும் நேரத்தையும் குறிப்பில் எழுத வேண்டும். ஆறு வாரத்தில் இந்த விதியை மேலும் இரண்டு முறை பயன்படுத்தினார்.

ஆனால் அந்தக் காலைதான் கேள்வியைக் கொடுத்தது. ஒப்படைத்த பயிற்சி மருத்துவருக்கு ஐ-பாஸ் தெரியும், மனப்பாடமாகச் சொல்வார். கேட்டுக்கொண்டவருக்கும் தெரியும். அறிவுக் குறை இல்லாத இடத்தில் அட்டை எதைச் சரி செய்யும்? கேட்டுக்கொள்பவர் ஏன் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் இப்போது ஆய்வுக் கேள்வி. இதற்கு வந்து சேர ஏழு மாதம் ஆகியிருந்தது.

நெறிமுறைக் குழு

கேள்விக்கு நேர்காணல்தான் பொருத்தம். விண்ணப்பம் போட்டோம், திரும்பி வந்தது. மருத்துவர்தான் அந்தப் பயிற்சி மருத்துவர்களுக்கு ஆண்டு மதிப்பீடு எழுதுபவர். அவரே கூப்பிட்டு "சீனியரிடம் கேள்வி கேட்கப் பயமா?" என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்கள், யார் வர முடியாது என்பார்கள்? குழு கேட்டது நியாயம்.

நேர்காணலை வேறு துறையைச் சேர்ந்த, மதிப்பீட்டில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவர் செய்வது என்று மாற்றினோம். யார் சம்மதித்தார், யார் மறுத்தார் என்பது மருத்துவருக்குத் தெரியாது. குரல் பதிவைக் கேட்கக்கூடாது, எழுத்துப் படியை மட்டும் பார்க்கலாம். பெயரை நீக்கினால் போதும் என்று முதலில் நினைத்தோம். எழுதிப் பார்த்தபோதுதான், சிறிய துறையில் 'மூன்றாம் ஆண்டு, பெண்' என்றாலே ஆள் தெரிந்துவிடும் என்பது புரிந்தது. பயிற்சி ஆண்டையும் பாலினத்தையும் எடுத்துவிட்டோம்.

தன் ஆய்வின் தரவைத் தானே சேகரிக்க முடியாதது அவருக்குப் பெரிய ஏமாற்றம். ஆனால் பிறகு நடந்ததைப் பார்க்கும்போது, அவருக்குக் கிடைத்த மிக நல்ல பயிற்சி அதுதான் என்று தோன்றுகிறது.

ஒரு சிரிப்பு

மூன்று எழுத்துப் படிகளைப் படித்ததுமே மருத்துவர் முடிவுக்கு வந்துவிட்டார்: நேரப் பற்றாக்குறை. மீதியையும் அதே கண்ணால் ஒரே நாளில் குறியிட்டு, அதாவது ஒவ்வொரு வரியும் எதைப் பற்றியது என்று பெயர் கொடுத்து, முடித்தார். இரண்டாவது குறியீட்டாளராக செவிலியர் பயிற்சியாளர் ஒருவரைச் சேர்த்திருந்தோம். அவர் மெதுவாகத்தான் வருவார், ஆனால் விடமாட்டார்.

ஆறாவது படியில் ஒரு வரி: "கேட்டா லேட்டாகும்." மருத்துவர் அதற்கு 'நேரம்' என்று குறியிட்டிருந்தார், பயிற்சியாளர் 'பயம்' என்று. இருவரும் அரை மணி நேரம் வாதாடினார்கள். இருவருமே பதிவைக் கேட்க முடியாது. கடைசியில் நேர்காணல் செய்தவரிடம் அந்த இடத்தை மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னோம். அவர் கேட்டுவிட்டு வந்து சொன்னது இது: அந்த வரியைச் சொல்லிவிட்டுப் பயிற்சி மருத்துவர் சிரித்தார், பிறகு கொஞ்ச நேரம் பேசவே இல்லை, பிறகு "லேட்டானா சீனியர் மூஞ்சி மாறும்" என்றார். அந்த அடுத்த வரி படியில் இருந்தது, ஆனால் வேறு பத்தியில். சிரிப்பும் மௌனமும் படியில் இல்லவே இல்லை.

மருத்துவர் தன் குறியீடுகள் அத்தனையையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். நான் சொல்லவில்லை. எல்லாப் படிகளிலும் சிரிப்பு, நிறுத்தம், குரல் தாழ்வு குறிக்கப்பட்டு மீண்டும் வந்தன. இரண்டாவது முறை குறியிட ஏழு வாரம் பிடித்தது. 'நேரம்' காணாமல் போகவில்லை. நேரத்தைச் சாக்காக்கித் தங்களைக் காத்துக்கொள்ளும் பயிற்சி மருத்துவர்கள் அதன் பின்னாலிருந்து வெளியே வந்தார்கள். கேள்வி கேட்பது, எனக்குத் தெரியவில்லை என்று எல்லோர் முன்னும் ஒப்புக்கொள்வதாகப் படுகிறது. இரவு முழுக்க வேலை செய்து களைத்தவரை நிறுத்தி வைப்பது இரக்கமில்லாத செயலாகவும் படுகிறது. இந்த இரண்டாவதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

எழுத்து

முதல் வரைவு மெலிதாக இருந்தது. ஒரே இரவில் நான் அதைத் திருத்தினேன். திருத்தவில்லை, மாற்றி எழுதினேன். காலையில் படித்தவர் "நல்லா இருக்கு சார்" என்றார். அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. காரணம் எனக்குப் புரிய அந்த மூன்று வாரம் ஆனது. என் வரைவை நீக்கிவிட்டு, அவருடையதில் ஓரக் குறிப்புகளாகக் கேள்விகள் மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

முதல் இதழ் மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் மறுத்தது. இரண்டாவது இதழின் மதிப்பாய்வாளர் சரியான இடத்தில் கை வைத்தார். ஏமி எட்மண்ட்சன் 1999இல் முன்வைத்த 'உளவியல் பாதுகாப்பு' என்ற கருத்தை நாங்கள் சட்டகமாகக் காட்டியிருந்தோம். குழுவில் கேள்வி கேட்டாலோ தவறை ஒப்புக்கொண்டாலோ தலைகுனிவு நேராது என்ற நம்பிக்கையைக் குறிப்பது அது. "இந்தக் கருத்து முடிவுகளுக்குப் பிறகு ஒட்டப்பட்டதாகத் தெரிகிறது" என்ற பொருளில் எழுதியிருந்தார். உண்மைதான், அப்படித்தான் ஒட்டினோம். அதை மறைக்காமல், எந்தக் கட்டத்தில் அந்தக் கருத்து வந்தது, அதற்குப் பொருந்தாத தரவு எது என்று எழுதினோம். களைத்தவர் மீதான இரக்கம் அந்தச் சட்டகத்துக்குள் அடங்கவில்லை என்பதையும் சொன்னோம். எண்களை அல்லாமல் பேச்சையும் பார்த்ததையும் தரவாகக் கொள்ளும் பண்புசார் ஆய்வுகளை எழுதுவதற்கான 2014ஆம் ஆண்டின் 21 அம்சப் பட்டியலை வைத்து விடுபட்டவற்றைச் சேர்த்தோம்.

விளைவு

மூன்றாவது இதழ் ஏற்றுக்கொண்டது. அப்போது திட்டம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆக இரண்டு ஆண்டுத் திட்டத்துக்குள் வெளியீடு என்ற இலக்கு நிறைவேறவில்லை.

துறையில் ஒரு மாற்றம் நடந்தது. ஒப்படைக்கும்போது, லேப் முடிவு வர வேண்டிய ஒவ்வொரு நோயாளிக்கும் கேட்டுக்கொள்பவர் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்பது வழக்கமானது. கேள்வி கேட்பது கட்டாயம் என்றால் அது அறியாமையின் அடையாளமாகாது என்ற யோசனை, நேர்காணலில் ஒரு பயிற்சி மருத்துவர் சொன்னது. இது பலன் தருகிறதா என்று இன்னும் அளக்கவில்லை. அளப்பதற்கான ஆய்வை மருத்துவர் இப்போது வடிவமைத்துக்கொண்டிருக்கிறார், செவிலியர் பயிற்சியாளரோடு சேர்ந்து. புள்ளியியல் வகுப்புக்கு இந்த முறை அவராகவே போய்ச் சேர்ந்தார்.

மீண்டும் செய்தால்

தனித்தனி ஆய்வு கொடுக்கமாட்டேன். மெர்க் வடிவத்தில் நான் விட்டுவிட்ட குழுதான் அதன் உயிர். ஒருவர் நைட்டில் இருக்கும்போது இன்னொருவர் வேலையை நகர்த்தலாம். விலகியவர் ஒரு குழுவில் இருந்திருந்தால், அந்த மோசமான இரண்டு மாதத்தில் சுமையைக் குறைத்துக்கொண்டு உள்ளேயே இருந்திருக்கலாம். அவரிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அறிக்கையில் 'ஆர்வக் குறைவு' என்ற சொல்லையும் திருத்தினேன்.

முதல் ஆறு வாரம் பார்ப்பதற்கு மட்டும். புள்ளியியல், கேள்வி பிறந்த பிறகு. பார்வையாளர் எப்போது மருத்துவராக வேண்டும் என்ற விதி, முதல் நாள் நிற்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

பயிற்சி மருத்துவர்களை மதிப்பிடுபவர் அவர்களையே ஆராயும் சிக்கல் எங்கள் துறையில் எல்லா ஆய்வுக்கும் வரும். இதற்கு வேறு துறைகளோடு நேர்காணலாளர்களைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று வேண்டும். பேசிப் பார்த்தேன். இரண்டு துறைகள் சம்மதித்திருக்கின்றன, மற்றவை யோசிக்கின்றன.

அடுத்த குழு அடுத்த மாதம் வருகிறது, மூன்று பேர். ரோஸ்டரில் அரை நாட்கள் ஏறிவிட்டன. டியூட்டி போனை வைத்திருப்பவர்களின் பெயர்ப் பட்டியலில் செவ்வாய்க்கிழமை மதியம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.